ஆய்வு முடிந்துவிட்டது, இனி அதை யாரிடம் கொண்டுபோவது?

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்பு முடித்திருக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்கு இது பதில். அரச சேவைகள் ஒவ்வொன்றாகக் கைபேசிக்கும் இணையத்துக்கும் மாறிவரும்போது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களிலும் அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்திலும் சனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அவர் ஆய்வு செய்திருக்கிறார். ஆய்வேடு ஆங்கிலத்தில், தடித்த புத்தகமாக நூலகத்தில் இருக்கிறது. "இதைக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) கொழும்புக்கும் சாதாரண சனங்களுக்கும் எப்படிக் கொண்டுபோவது? கொண்டுபோனால் ஏதாவது மாறுமா?" என்று கேட்டிருக்கிறார்.

மாறும். ஆனால் ஆய்வேட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் மாறாது. நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதலில் தகவல் தந்தவர்களிடம் போங்கள், அதிகாரிகளிடம் பிறகு போங்கள். அதிகாரிகளிடம் போகும்போது, எந்த மேசைக்குப் போகிறீர்களோ அந்த மேசையில் இருப்பவரால் செய்யக்கூடியதை மட்டும் கேளுங்கள்.

தகவல் தந்தவர்களிடம் முதலில் போவது மரியாதைக்காக மட்டுமல்ல. மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம்முடைய இரண்டு மாவட்டங்களையும்போல விபரம் கொடுத்துக் கொடுத்துக் களைத்த சனம் குறைவு. 2004 சுனாமியில் இலங்கையில் அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலிருந்து திருக்கோவில் வரையும், இந்தப் பக்கம் நாவலடி, கல்லடி வரையும் ஒரே குடும்பத்தை எத்தனை நிறுவனம் எத்தனை தடவை கேள்வி கேட்டது என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் யுத்தகாலப் பதிவுகள், பட்டியல்கள். யார் பெயர் எதற்காக எழுதப்படுகிறது என்ற பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கேள்விக்கொத்தோடு வந்தவர்கள் முடிவோடு திரும்பி வந்தது அபூர்வம். ஆகவே நீங்கள் திரும்பிப் போனாலே அது ஒரு செய்தி.

அதைவிடப் பெரிய காரணம், அவர்கள் உங்கள் முடிவைத் திருத்துவார்கள். நம் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். "இந்த ஊரில் பெண்கள் இணையம் பயன்படுத்துவது குறைவு" என்று ஆய்வில் வரும். பெண்கள் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டினால் முதலில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஒருவர் சொல்வார்: போன் மகனுடையது, அவன் வகுப்பால் வந்த பிறகுதான் பார்க்கலாம். இன்னொருவர் சொல்வார்: விண்ணப்பம் போட்டது சந்தியில் போன், போட்டோகொப்பி, இணைய வேலை செய்து கொடுக்கும் கொமியூனிகேஷன் கடையில், கொடுத்தது கடைக்காரப் பொடியனின் நம்பர். அப்படியென்றால் திணைக்களம் அனுப்பும் குறுஞ்செய்தியும் இரகசிய இலக்கமும் கடைக்காரனின் போனுக்குத்தான் போகும். கடை மூடினால், அல்லது அவன் நம்பரை மாற்றினால், அந்தக் குடும்பத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் இருந்த ஒரே நூல் அறுந்துவிடும். இது "பயன்படுத்துவது குறைவு" என்பதைவிட முற்றிலும் வேறு முடிவு. இதற்கான தீர்வும் வேறு.

தேசியப் புள்ளிவிபரங்களும் இந்த இடத்தில் உதவாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவு, டிஜிட்டல் அறிவு என்று இரண்டைத் தனித்தனியாக அளக்கிறது. கணினியைத் தானாக இயக்கத் தெரிந்தவர் முதல் கணக்கில் வருவார். கணினியோ டப்லெட்டோ ஸ்மார்ட்போனோ ஏதாவது ஒன்றைத் தானாக இயக்கத் தெரிந்தவர் இரண்டாவது கணக்கில் வருவார். வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பத் தெரிந்த ஒரு அம்மா இரண்டாவது கணக்குக்குள் வந்துவிடலாம். ஆனால் ஆங்கிலத்தில் திறக்கும் ஒரு அரச இணையப் படிவத்தின் முன்னால் அவருக்கு அந்த அறிவு எதுவும் செய்யாது. இந்த இடைவெளியை எந்தப் புள்ளிவிபரமும் காட்டாது, உங்கள் ஆய்வு காட்டும். அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெறுமதி.

திருப்பிக் கொண்டுபோகும்போது ஒரு எச்சரிக்கை. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வாகரைப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் "இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழும், தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்" என்று எழுதினால் அது யார் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், கிராம சேவகருக்கும் தெரியும். அவரைப் பற்றித்தான் அந்தப் பெண் உங்களிடம் முறைப்பட்டிருப்பார். எனவே ஊர் அளவில் காட்டும் அறிக்கையில் கிராமத்தின் பெயரை விட்டுவிட்டு பிரதேச செயலகப் பிரிவு வரை மட்டும் சொல்லுங்கள், தேவைப்பட்டால் இரண்டு மூன்று பேரின் கதையை ஒன்றாகக் கலந்து அப்படிக் கலந்ததாகவே எழுதுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், உடல்நலம், அரசியல் கருத்து போன்றவற்றை விசேட கவனத்துக்குரிய தரவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நம் மாவட்டங்களில் எந்தச் சமூக ஆய்வும் இதில் இரண்டையாவது தொடாமல் முடியாது. ஒலிப்பதிவுகளை மடிக்கணினியில் திறந்தபடி வைத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கூட்டம் கொண்டுதிரியாதீர்கள்.

இனி அதிகாரிகள். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

"கொள்கை வகுப்பாளர்" என்று ஒரு ஆள் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதைத் தீர்மானிக்கும் 22 குறிகாட்டிகள் கொழும்பில் வகுக்கப்பட்டு வர்த்தமானியில் வந்தவை. கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவுகளில் அவை இருக்கின்றன. புள்ளிகளைக் கூட்டி முடிவு சொல்வது ஒரு கணினி முறைமை. 2023 இல் முதல் பட்டியல் வந்தபோது நாடு முழுவதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. அப்போது சனங்கள் போய் நின்றது பிரதேச செயலகத்தின் வாசலில். ஆனால் குறிகாட்டி ஒன்றை மாற்றும் அதிகாரம் பிரதேச செயலாளருக்குக் கிடையாது. அவரிடம் போய் "இந்த அளவுகோல் பிழை" என்று ஒரு மணித்தியாலம் விளக்கினால் அவர் தேநீர் தந்து அனுப்புவார், வேறென்ன செய்வார்?

அவரால் செய்யக்கூடியவை வேறு. மேன்முறையீட்டுக் காலத்தில் செயலகத்தில் ஒரு உதவி மேசை போடலாம். இணையம் எடுக்காத கிராமத்துக்கு ஒரு நாள் வெளிக்கள உத்தியோகத்தர்களை மடிக்கணினியோடு அனுப்பலாம். விண்ணப்பத்தில் இருக்கும் தொலைபேசி இலக்கம் விண்ணப்பதாரருடையதுதானா என்று சரிபார்க்கச் சொல்லலாம். முடிவு ஏன் அப்படி வந்தது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். உங்கள் ஆய்வில் கடைக்காரனின் நம்பர் பற்றிய விஷயம் இருந்தால் அவருக்குக் கொடுக்கவேண்டியது அந்த ஒன்றைத்தான். குறிகாட்டி பற்றிய விமர்சனம் அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபைக்கும் நிதி அமைச்சுக்கும் பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கும் போகவேண்டும். சிக்னல் பிரச்சினை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் போகவேண்டும். படிவத்தில் தமிழ் இல்லையென்றால் அது அந்த இணையத்தளத்தை வைத்திருக்கும் திணைக்களத்தின் பொறுப்பு. ஒரே ஆய்வு, நாலு கடிதம். ஒவ்வொன்றும் ஒரு பக்கம்.

அந்த ஒரு பக்கத்தை எழுதுவது ஆய்வேடு எழுதுவதைவிடக் கஷ்டம். நாம் பழகியது பின்னணி, நோக்கம், முறையியல் என்று தொடங்கி முடிவைக் கடைசியில் வைப்பது. இங்கே முதல் வரியிலேயே என்ன செய்யவேண்டும் என்று இருக்கவேண்டும். அடுத்த இரண்டு வரியில் ஏன் என்று. பிறகு எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எந்தப் பிரிவுகளில், எந்த மாதங்களில் என்று. அதன்பின் இதைச் செய்ய எவ்வளவு ஆளும் காசும் தேவை என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை ஆய்வாளர்கள் எழுதுவதேயில்லை. அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான், ஏனென்றால் அவர் மேலே எழுதவேண்டிய குறிப்பில் அதுதான் வரும்.

யாருடைய கையில் கொடுப்பது என்பதும் முக்கியம். மாவட்டத்தின் தலைமை அதிகாரியான அரசாங்க அதிபரைச் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதிபரும் பிரதேச செயலாளரும் இடமாற்றத்தில் போவார்கள். திட்டமிடல் பிரிவில் இருப்பவர்களும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும்தான் பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவர்கள், பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கூடம் அனுப்புபவர்கள். பத்து வருடம் கழித்தும் "அந்தப் பிள்ளை ஒரு ஆய்வு செய்தது, அதில் இருக்கிறது" என்று எடுத்துத் தரக்கூடியவர்கள் அவர்கள். திட்டமிடல் பணிப்பாளரைச் சந்திக்காமல் எந்த மேலதிகாரியிடமும் போகாதீர்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயம் ஏறுவதும் ஏறாததும் பெரும்பாலும் அந்த அறையில்தான் தீர்மானமாகிறது. அப்புறம், காலம் பாருங்கள். வருடத்தின் நடுப்பகுதியில் அமைச்சுகள் அடுத்த வருட மதிப்பீடுகளைத் தயாரிக்கும். வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட பிறகு டிசம்பரில் கொண்டுபோகும் யோசனை, எவ்வளவு நல்லதானாலும், இன்னும் ஒரு வருடம் காத்திருக்கும்.

அம்பாறைக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். கரையோரப் பிரதேச செயலகங்கள் தமிழில் இயங்கும், மாவட்டச் செயலகம் பெரும்பாலும் சிங்களத்தில் இயங்கும். கல்முனையில் எழுதிய தமிழ் அறிக்கை அம்பாறை நகருக்குப் போகும்போது படிக்கப்படாமலே கோப்புக்குள் போகும் வாய்ப்பு அதிகம். சிங்களத்திலும் ஒரு பக்கம் தயாரியுங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுத்துச் செய்யுங்கள், இணைய மொழிபெயர்ப்பை நம்பவேண்டாம்.

மொழி மட்டும் போதாது. உங்கள் ஆய்வு நாவிதன்வெளியையும் சம்மாந்துறையையும் மட்டும் பார்த்திருந்தால், முடிந்தால் சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் உகனையிலோ மகாஓயாவிலோ சில குடும்பங்களிடம் அதே கேள்விகளைக் கேட்டுச் சேருங்கள். சிக்னல் இல்லாத கஷ்டமும், படிவம் விளங்காத கஷ்டமும், கடைக்காரனிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நிற்கும் கஷ்டமும் அங்கேயும் இருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். அந்தக் குடும்பங்களும் அறிக்கையில் வந்துவிட்டால் இது ஒரு சமூகத்தின் முறைப்பாடு என்று யாரும் ஒதுக்கிவைக்க முடியாது. நம் மாவட்டங்களில் நல்ல ஆய்வுகள் பல அப்படி ஒதுக்கப்பட்டுத்தான் செத்தன. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

சரி, பொதுமக்கள். இங்கே நான் 2018 ஐ நினைக்காமல் எழுதமுடியாது. அந்த வருடம் பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் சாப்பாட்டுக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது. அது மலடாக்கும் மாத்திரை என்று கதை கிளம்பியது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் மிரட்டலுக்கு நடுவில் தலையசைத்ததை யாரோ போனில் பிடித்தார்கள். அந்த வீடியோ ஒப்புதல் வாக்குமூலமாக நாடு முழுவதும் பரவியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாளில் கண்டிப் பக்கம் பற்றியெரிந்தது. மார்ச் 7 இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரிந்தது. நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மை. எல்லாம் தாமதம்.

பேஸ்புக் நிறுவனம் தன் தளம் இலங்கையில் செய்த பாதிப்பை ஆராய ஒரு வெளி அமைப்பை அமர்த்தியது. அதன் அறிக்கை 2020 மே மாதம் வெளிவந்தபோது நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வன்முறை நடந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு. சிங்களத்திலும் தமிழிலும் வரும் வெறுப்புப் பேச்சைப் படித்து விளங்கக்கூடிய ஆட்கள் அந்த நிறுவனத்தில் போதாது என்று உள்ளூர் ஆய்வாளர்களும் செயற்பாட்டாளர்களும் அதற்கு வெகு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறிவு இல்லாமல் இல்லை. அது போய்ச்சேர வேண்டிய வாய்களுக்குப் போகவில்லை.

வாய்கள் என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். ஒரு வதந்தி வரும்போது நம் ஊரில் ஆட்கள் யாரைக் கேட்பார்கள்? பாமசிக்காரரை, மருத்துவிச்சி அம்மாவை, கோயில் நிர்வாகியான வண்ணக்கரை, பள்ளிவாசல் நிர்வாகத்தை, ஊர்ப் பள்ளிக்கூட அதிபரை. பொதுமக்களுக்கு ஆய்வைக் கொண்டுபோவது என்றால் முதலில் இவர்களிடம் கொண்டுபோவது. பிரச்சினை இல்லாத நாளில் போய் உட்கார்ந்து பேசி, உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். வீடியோ ஒன்று வெட்டி ஒட்டப்பட்டதா என்று சந்தேகம் வந்தால் அவர் இரவு பத்து மணிக்கும் உங்களை எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.

வடிவம் என்று பார்த்தால், நம் சனம் நீண்ட பந்தியை வாசிப்பதைவிடக் கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் முடியும் குரல் செய்தி, மட்டக்களப்புப் பேச்சில், ஒரு விஷயம் மட்டும்: "விண்ணப்பத்துக்கு உங்கட சொந்த நம்பரைக் குடுங்க, கடைக்காரர்ர நம்பரைக் குடுக்காதீங்க." இது குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் தானாகவே பரவும். கரையோரத்தில் கேட்கும் தமிழ் வானொலிகளுக்கு ஒரு பேட்டி கொடுங்கள். பிராந்திய நிருபர்களுக்கு ஆய்வேட்டை அனுப்பிவிட்டு அவர்கள் படித்து எழுதுவார்கள் என்று காத்திருக்கவேண்டாம். அவர்கள் ஒரு நாளில் பல செய்தி அனுப்பிப் பிழைப்பவர்கள். அப்படியே போடக்கூடிய இருநூறு சொல் செய்தியை நீங்களே எழுதிக் கொடுங்கள், "இந்த ஆய்விலிருந்து இதைச் சொல்லமுடியாது" என்று ஒரு வரியையும் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் "படுவான்கரை மக்களுக்கு இணைய அறிவு இல்லை" என்று தலைப்பு வரும், நீங்கள் கேட்டுத் திரிந்த வீடுகளில் அது அவமானமாக விழும்.

கூத்தையும் நாடகத்தையும் மறக்கவேண்டாம். பேராசிரியர் சி. மௌனகுரு போன்றவர்கள் கூத்தைப் பல்கலைக்கழக ஆய்வுக்குள்ளும் நவீன அரங்குக்குள்ளும் கொண்டுவந்த மண் இது. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களோடு பேசிப் பாருங்கள். கொமியூனிகேஷன் கடைக் காட்சி ஒன்றைப் பத்து நிமிட வீதி நாடகமாகப் போட்டால், உங்கள் ஐந்தாம் அத்தியாயம் சொல்லாததையும் அது சொல்லும்.

"ஏதாவது மாறுமா" என்ற கேள்விக்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அது நம்முடைய விஷயத்துக்கு மிகக் கிட்ட வருகிறது. அவுஸ்திரேலியாவில் உதவிப்பணம் பெற்றவர்களின் வருட வருமானத்தைக் கணினி இரு வாரத் துண்டுகளாகச் சராசரி பிரித்து, "நீங்கள் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்" என்று ஏழைகளுக்குக் கடிதம் அனுப்பியது. ரோபோடெட் என்று அதைச் சொல்வார்கள். கணக்குப் பிழை என்று ஆய்வாளர்களும் சட்ட உதவியாளர்களும் சொன்னார்கள், பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கதைகளை ஒரே இணையத்தளத்தில் சேர்த்தார்கள், சிலர் நீதிமன்றம் போனார்கள். 2019 இல் அது சட்டவிரோதம் என்று அரசாங்கமே நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது. அடுத்த வருடம் காசு திருப்பிக் கொடுக்கப்படத் தொடங்கியது. 2023 இல் விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை வந்தது. ஆய்வு மட்டும் அதைச் செய்யவில்லை, கதைகள் மட்டும் செய்யவில்லை, வழக்கு மட்டும் செய்யவில்லை. மூன்றும் ஒரே விஷயத்தைச் சொன்னதால் நடந்தது. அஸ்வெசும மேன்முறையீடு நிராகரிக்கப்பட்ட குடும்பங்களின் கதைகளை, அவர்கள் சம்மதத்தோடு, இரண்டு மாவட்டத்திலும் ஒரே முறையில் பதிந்து வைக்க நீங்கள் தொடங்கலாம்.

கதவு திறக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாளுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்லவேண்டும். "இந்தப் பிரிவில் எத்தனை மேன்முறையீடு வந்தது, எத்தனை தீர்க்கப்பட்டது, சராசரி எத்தனை நாள் எடுத்தது" என்று கேளுங்கள். சண்டைக்காகக் கேட்காதீர்கள், உங்கள் ஆய்வின் எண்ணோடு அவர்களின் எண்ணை வைத்துப் பார்க்கக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் ஒரு பக்கக் கடிதத்தில் அவர்களின் எண்ணையே போடுங்கள். தங்கள் சொந்த எண்ணை எந்தக் கந்தோரும் மறுக்காது. 2024 இல், இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு இணையத்தில் ஆய்வு முடிவு போடவே சிலர் தயங்குகிறார்கள். மூல ஆவணங்களையும் கணக்கிட்ட முறையையும் எடுத்துக் காட்டக்கூடிய நிலையில் வைத்திருந்தால் தயங்கவேண்டியதில்லை.

ஆய்வேட்டைப் பற்றிச் சுருக்கமாக: தமிழில் பத்துப் பக்கச் சாரம் எழுதுங்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பொது நூலகங்களுக்கும், நீங்கள் போன ஊர்களின் வாசிகசாலைகளுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். ஆங்கில ஆய்வேடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அது வேறு வாசகர்களுக்கு.

தங்கச்சி, நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. படுவான்கரையில் நீங்கள் முதலில் போன கிராமத்தின் பெண்கள் சங்கத் தலைவிக்கு அழைத்து, அடுத்த மாதக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் தரமுடியுமா என்று கேளுங்கள். அவர்கள் திருத்தியதை எழுதிக்கொண்ட பிறகு, கொக்கட்டிச்சோலைக்கோ வெல்லாவெளிக்கோ எந்தச் செயலகமானாலும், அங்குள்ள திட்டமிடல் பிரிவுக்குப் போகும் ஒரு பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். நானும் வாசித்துச் சொல்கிறேன்.